மாதா மாதம் காய்ச்சல், படபடக்கும் நெஞ்சு: வாசகர் கேள்விகள்

போன இதழில் பரம்பரைத் தன்னழற்சி நோய்களைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். கிருமி எதுவும் உள்ளே வராமலே, மரபணுவில் உள்ள ஒரு கோளாறால் உடம்பின் எதிர்ப்பு சக்தி தானாகவே கிளம்பி காய்ச்சல், வயிற்றுவலி, மூட்டுவீக்கம் என்று வரும், சில நாளில் தானாகவே போகும், மறுபடி வரும். அவ்வளவுதான் எழுதியது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேலூரையும் சுற்றுப்பக்கத்தையும் சேர்ந்தவை, எல்லோருக்கும் ஒரே பயம்: பிள்ளையின் இதயத்துக்கு ஏதாவது ஆகிவிடுமா? அதனால் இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மூலம், முடி உதிர்வு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர், என் பையனுக்கு ஏழு வயது. மூன்று வயதிலிருந்தே மாதத்தில் இரண்டு மூன்று நாள் காய்ச்சல் வரும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவான். ஒவ்வொரு தடவையும் டைபாய்டு என்று சொல்லி ஊசி போட்டார்கள். இப்போது ஜீன் டெஸ்ட் எடுத்து எஃப்.எம்.எஃப். (ஃபெமிலியல் மெடிடரேனியன் ஃபீவர், பரம்பரைத் தன்னழற்சி நோய்களில் ஒன்று) என்று சொல்லி கொல்கிசின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சல் நேரத்தில் அவன் நெஞ்சில் கை வைத்தால் தடதடவென்று அடிக்கிறது. அப்போது எடுத்த ஈசிஜியில் 'சைனஸ் டாக்கிகார்டியா, க்யூடிசி 445' என்று போட்டிருக்கிறது. நெட்டில் தேடினால் க்யூடி நீண்டால் திடீர் மரணம் என்று வருகிறது. எனக்குத் தூக்கமே இல்லை.
– ஒரு தாய், குடியாத்தம்

அம்மா, முதலில் நெட்டை மூடிவிட்டுப் படுத்துத் தூங்குங்கள். நீங்கள் அனுப்பிய ஈசிஜி நகலைப் பார்த்தேன். நிமிடத்துக்கு 132 துடிப்பு. மூலையில் யாரோ பேனாவால் '103 டிகிரி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அவர் நல்லா இருக்கட்டும், அந்த ஒரு எண்தான் முழுக் கதையையும் சொல்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஓய்வில் 70-லிருந்து 110 வரை துடிப்பது சாதாரணம். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு சுமார் 10 கூடும். 103 ஃபாரன்ஹீட் என்பது இயல்பைவிட இரண்டரை செல்சியஸ் அதிகம். அதற்கு ஒரு 25 போடுங்கள், வலிக்குக் கொஞ்சம், ஊசியைப் பார்த்த பயத்துக்குக் கொஞ்சம், தண்ணீர் குடிக்காமல் கிடந்ததற்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள், 132 வந்துவிடும். சைனஸ் டாக்கிகார்டியா என்றால் துடிப்பு வரவேண்டிய இடத்திலிருந்துதான் வருகிறது, வேகம் மட்டும் கூடியிருக்கிறது என்று பொருள். அது தனி நோய் கிடையாது.

இப்போது அந்த 445. இதயம் ஒருமுறை சுருங்கியதும் அடுத்த துடிப்புக்கு மின்சார ரீதியாகத் தயாராக வேண்டும், சுருங்க ஆரம்பிப்பதிலிருந்து தயாராகி முடிக்கும் வரை ஆகும் நேரம்தான் க்யூடி. துடிப்பு வேகமானால் இது இயல்பாகவே குறையும் என்பதால் வேகத்துக்கு ஏற்பக் கணக்குப் போட்டுத் திருத்திய எண்ணைத்தான் க்யூடிசி என்கிறோம். ஈசிஜி மெஷின்கள் பெரும்பாலும் பேசெட் என்பவர் 1920-இல் சொன்ன கணக்கைத்தான் போடுகின்றன. அந்தக் கணக்குக்கு ஒரு பலவீனம் உண்டு: துடிப்பு வேகமாக இருக்கும்போது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். உங்கள் பையனின் நிஜ க்யூடி 300 மில்லிசெகண்ட். பேசெட் கணக்கில் 445 வருகிறது, அதே ஆண்டில் ஃப்ரிடெரிசியா என்பவர் சொன்ன இன்னொரு கணக்கில் போட்டால் ஏறக்குறைய 390. ஒரே பிள்ளை, ஒரே காகிதம். பொதுவாக 440 வரை இயல்பு, 460 தாண்டினால் கவனம், 500 தாண்டினால் ஆபத்து என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சலே இல்லாத ஒரு நாளில், பிள்ளை அமைதியாகப் படுத்திருக்கும்போது இன்னொரு ஈசிஜி எடுங்கள். அதுதான் அவனுடைய அசல் ஈசிஜி, அதை லேமினேட் செய்யாமல் ஃபைலில் பத்திரமாக வையுங்கள். (லேமினேட் செய்தால் சூட்டில் அந்தக் காகிதம் கறுத்துப்போகும், பல பேர் அப்படிக் கொண்டுவருகிறார்கள்.)

அப்படியானால் இந்த நோய்க்கும் துடிப்புக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. அழற்சி கிளம்பும்போது ரத்தத்தில் இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் போன்ற பொருள்கள் எகிறும். இவை இதயத் தசையில் பொட்டாசியம் வெளியேறும் வாயில்களை மந்தமாக்கும், அதனால் க்யூடி கொஞ்சம் நீளலாம். இதயத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற தன்னியக்க நரம்புகளின் சமநிலையையும் கலைக்கும். அழற்சி அடங்கினால் இதில் பெரும்பகுதி தானாகச் சரியாகும். ஆகவே இதயத்துக்கென்று தனி மருந்து தேடி அலைய வேண்டாம், உங்கள் பையனின் இதயத்துக்கு நல்ல மருந்து அந்தக் கொல்கிசின்தான். 1972-இல் இந்த நோய்க்கு அது பயன்படும் என்று தெரிந்ததிலிருந்து இந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையே மாறியிருக்கிறது. காய்ச்சல் இல்லாத நாட்களிலும் தினமும் கொடுக்க வேண்டும். 'இந்த மாதம் வரலையே, நிறுத்திப் பார்ப்போம்' என்று நம் வீடுகளில் செய்கிற சோதனை மட்டும் வேண்டாம்.

அடுத்த தடவை காய்ச்சல் வரும்போது ஒரு நோட்டில் நேரம், காய்ச்சல், துடிப்பு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மணிக்கட்டில் விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். காய்ச்சல் இறங்க இறங்கத் துடிப்பும் இறங்கினால் கவலையே இல்லை. மாறாக, காய்ச்சல் விட்ட பிறகும் துடிப்பு குறையாமல் நின்றாலோ, சுவிட்ச் போட்ட மாதிரி திடீரென்று 180-க்கு மேல் போய்த் திடீரென்று நின்றாலோ அது வேறு சங்கதி, அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

என் மகளுக்கு ரத்தப் பரிசோதனையில் ஏ.எஸ்.ஓ. அளவு கூடியிருக்கிறது, வாதக்காய்ச்சல் என்று சொல்லி ஒரு வருடமாக 21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டோம். இப்போது இன்னொரு டாக்டர், இது வாதக்காய்ச்சலே இல்லை, தன்னழற்சி நோய் மாதிரி இருக்கிறது என்கிறார். ஊசியை நிறுத்திவிடலாமா? அத்தனை ஊசியும் வீண்தானா?
– ஆற்காடு வாசகர்

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏ.எஸ்.ஓ. கூடியிருந்தால் எப்போதோ தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்துபோனது என்றுதான் பொருள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் நிறைய பேருக்குக் கூடித்தான் இருக்கும். அந்தக் கிருமிக்குப் பிறகு சிலருக்குத்தான் வாதக்காய்ச்சல் வரும், அதனால் அதை மட்டும் வைத்து வாதக்காய்ச்சல் என்று முடிவு செய்ய முடியாது. அதே சமயம் நம் ஊரில் தன்னழற்சி நோயைவிட வாதக்காய்ச்சல் பல மடங்கு அதிகம், இதய வால்வைத் தின்றுவிடும், அதனால் முதலில் அதைச் சந்தேகப்பட்ட டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டும் வேறுபடும் இடத்தைச் சொல்கிறேன். வாதக்காய்ச்சலில் மூட்டுவலி ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும், வாரக்கணக்கில் நீடிக்கும். எஃப்.எம்.எஃப்.பில் பெரும்பாலும் மூன்று நாளுக்குள் எல்லாம் அடங்கி, அடுத்த நாள் பிள்ளை ஒன்றுமே நடக்காத மாதிரி தெருவில் ஓடும், பிறகு மறுபடி வரும். ஈசிஜியிலும் வித்தியாசம் உண்டு: வாதக்காய்ச்சலில் இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் போவது தாமதமாகும், பி.ஆர். இடைவெளி நீளும், அதை ஓர் அடையாளமாகவே கணக்கில் எடுக்கிறோம். இந்த முடிவைத் தீர்மானிக்கப்போவது எக்கோ என்கிற இதய ஸ்கேன்தான். வால்வில் நிஜமாகவே பாதிப்பு இருந்தால் தன்னழற்சி நோய் கூடவே இருந்தாலும் ஊசி தொடர வேண்டும். வால்வு சுத்தமாக இருந்து, பழைய ஈசிஜி, பழைய அறிக்கைகள் எல்லாம் பார்த்த பிறகு இதயநோய் டாக்டர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். எல்லா ஃபைலையும் எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்திருக்கும் அந்தப் பழைய சீட்டுகளுக்குத்தான் இப்போது மதிப்பு.

கொல்கிசின் நம்ம செங்காந்தளில் இருந்து எடுப்பதுதான் என்று என் மாமனார் சொல்கிறார். எங்கள் கொல்லை வேலியிலேயே படர்ந்து பூத்துக் கிடக்கிறது. மாத்திரைக்குப் பதில் அந்தக் கிழங்கை நிழலில் உலர்த்திப் பொடி செய்து பேத்திக்குக் கொஞ்சமாகக் கொடுக்கலாமா என்று கேட்கிறார். இயற்கை மருந்துதானே?
– அணைக்கட்டு பக்கத்திலிருந்து ஒரு மருமகள்

கூடாது. கூடவே கூடாது. இந்தப் பதிலை மாமனாருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள் அம்மா.

அவர் சொன்ன பாதி சரிதான். செங்காந்தள் நம் மாநிலப் பூ, அதன் விதையிலும் கிழங்கிலும் கொல்கிசின் இருக்கிறது, ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் இதற்காகவே கண்வலிக்கிழங்கு என்று பயிர் செய்து விதையை மருந்து கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். ஆனால் அவர் பேத்திக்குக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது 0.5 மில்லிகிராம், அரிசியில் ஒரு நுனியைவிடவும் சிறிய அளவு. ஒரு கிழங்கில் எவ்வளவு இருக்கும் என்பது மண், மழை, பருவம், கிழங்கின் வயது எல்லாவற்றையும் பொறுத்து மாறும், கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. இந்த மருந்தில் குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறைவு. முதல் நாள் வாந்தியும் பேதியும்தான் வரும், ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடுவோம். இரண்டாம் மூன்றாம் நாளில் ரத்த அழுத்தம் விழும், எலும்பு மஜ்ஜை வேலை நிறுத்தும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். முறிவு மருந்து என்று கையில் எடுத்துக் கொடுக்க ஒன்றும் கிடையாது. நம் கிராமங்களில் இந்தக் கிழங்கை எதற்குத் தின்றார்கள் என்று மாமனாருக்கே தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

மாத்திரையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஃப்ரிட்ஜ் மேலே, டிவி ஸ்டாண்டிலே எல்லாம் வைக்காதீர்கள். சின்னத் தம்பி எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் வாந்தி வரட்டும் என்று வீட்டில் காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு நிஜமாகவே பயம் தருவது இதுதான். கொல்கிசின் சாப்பிடும் பிள்ளைக்குச் சளி, தொண்டைவலி என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதாவது ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் இரண்டும் கொல்கிசின் உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தடுத்து ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும், போதாக்குறைக்கு க்யூடியையும் நீட்டும். பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், கீட்டோகோனசோலும் இதே ரகம். அசித்ரோமைசின் கொல்கிசினை அவ்வளவாக ஏற்றாது, ஆனால் க்யூடியைக் கொஞ்சம் நீட்டக்கூடியது. இப்போது ஒரு கத்திரி வெயில் நாளை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்குக் கொல்கிசினால் ஏற்கெனவே வயிறு இளகியிருக்கிறது, பேதியில் பொட்டாசியம் போய்விட்டது, வாந்திக்கு ஒன்டான்செட்ரான் ஒன்று, தொண்டைக்கு அசித்ரோமைசின் ஒன்று என்று இரண்டு இடத்தில் இரண்டு பேர் எழுதித் தருகிறார்கள். தனித்தனியாக எதுவும் தப்பில்லை. நாலும் ஒரே நாளில் ஒரே சின்ன உடம்பில் சேரும்போதுதான் துடிப்பு தடம் மாறுகிறது. எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராகவே இருந்தாலும், 'கொல்கிசின் சாப்பிடுகிறாள்' என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பேதி அதிகமானால் ஓ.ஆர்.எஸ். கொடுத்துவிட்டு மாத்திரை கொடுக்கும் டாக்டருக்குப் போன் போடுங்கள்.

இந்த நோயுள்ள குழந்தைகளுக்கு 'க்யூடி டிஸ்பெர்ஷன்', 'பி அலை டிஸ்பெர்ஷன்' கூடுகிறது என்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் படித்தேன். என் மகனின் ரிப்போர்ட்டில் அதெல்லாம் எழுதவே இல்லை. மறைக்கிறார்களா?
– ராணிப்பேட்டை வாசகர்

யாரும் மறைக்கவில்லை தம்பி, வழக்கமான ஈசிஜி ரிப்போர்ட்டில் அதை எழுதுகிற பழக்கமே இல்லை. க்யூடிக்கோ, மேலறையின் மின்சாரத்தைக் காட்டும் பி அலைக்கோ ஈசிஜியின் 12 கோணங்களில் ஒன்றில் தெரியும் நேரத்துக்கும் இன்னொன்றில் தெரியும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் டிஸ்பெர்ஷன். துருக்கியிலும் இஸ்ரேலிலும் இந்த நோய் நிறைய இருப்பதால் ஆராய்ச்சிகளும் அங்கிருந்துதான் நிறைய வருகின்றன. சிலவற்றில் வித்தியாசம் தெரிந்தது, வேறு சிலவற்றில், முக்கியமாகக் கொல்கிசின் ஒழுங்காகச் சாப்பிட்டுச் சிக்கல் இல்லாமல் இருப்பவர்களிடம், ஆரோக்கியமானவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை என்று வந்தது. ஒரு கூட்டத்தின் சராசரி சில மில்லிசெகண்ட் தள்ளி இருப்பதை வைத்து உங்கள் ஒரு பிள்ளைக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. கையால் அளக்கும்போது அளப்பவரைப் பொறுத்தே அந்த அளவுக்கு மாறும்.

நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய எண்கள் வேறு. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ன? காய்ச்சல் இல்லாத நாளிலும் அது இறங்காமல் நிற்கிறதா? முடிந்தால் அதே மாதிரி அழற்சியைக் காட்டும் சீரம் அமிலாய்டு ஏ என்ன? ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரில் புரதம் பார்க்கிறார்களா? அழற்சி வருடக்கணக்கில் அடங்காமல் கிடந்தால் அமிலாய்டு என்ற புரதம் முதலில் சிறுநீரகத்தில் படியும். சிறுநீரகம் கெட்டால் பொட்டாசியம் ஏறும், பொட்டாசியம் ஏறினால் துடிப்பு கெடும். வருங்காலத்தில் இதயத்துக்கு ஆபத்து வரக்கூடிய வழி இதுதான், அதைத் தடுக்க ஒரு சின்னச் சிறுநீர் பாட்டில் போதும். கொல்கிசினை ஒழுங்காகக் கொடுத்தும் அடங்கவில்லை என்றால் இன்டர்லூகின்-1-ஐத் தடுக்கும் ஊசிகள் இருக்கின்றன. விலையைக் கேட்டால் நமக்கு நெஞ்சு படபடக்கும், இருந்தாலும் வழி இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு அக்கா மகளைத்தான் கட்டி வைத்தோம். பேரனுக்கு இந்த நோய் வந்ததும் சம்பந்தி வீட்டில் பேச்சு வருகிறது. சொந்தத்தில் கட்டியதுதான் காரணமா? அடுத்த குழந்தைக்கும் வருமா?
– ஆம்பூரிலிருந்து ஒரு பெரியவர்

ஐயா, எஃப்.எம்.எஃப். வர பொதுவாக அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று கோளாறுள்ள மரபணு இரண்டும் சேர வேண்டும். 16-ஆவது குரோமோசோமில் உள்ள அந்த மரபணுவை 1997-இல்தான் கண்டுபிடித்தார்கள், உங்கள் காலத்தில் யாரும் பார்த்துக் கட்டியிருக்க முடியாது. ஒரே வம்சத்தில் கட்டினால் இரண்டு பேரிடமும் ஒரே கோளாறு இருக்கும் வாய்ப்பு கூடுகிறது, அது உண்மை. சொந்தமே இல்லாத தம்பதிக்கும் இது வரும், அதுவும் உண்மை. இருவரும் மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று கணக்குப் போடாதீர்கள், ஒவ்வொரு முறையும் அதே நாலில் ஒன்றுதான். அடுத்த கர்ப்பத்துக்கு முன்னால் மகனும் மருமகளும் மரபணு ஆலோசனைக்குப் போகட்டும். ட்ராப்ஸ், கேப்ஸ் போன்ற வேறு தன்னழற்சி நோய்களுக்கு ஒரே ஒரு மரபணு போதும், அங்கே கணக்கு பாதிக்குப் பாதி, அதனால் எந்த நோய் என்று பெயர் சரியாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும். போகும்போது இன்னொன்றையும் சொல்லுங்கள்: உங்கள் இரு குடும்பங்களிலும் சின்ன வயதில் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்தவர்கள், அடிக்கடி மயங்கி விழுந்தவர்கள், பிறவியிலேயே காது கேட்காதவர்கள் யாராவது உண்டா என்று. அது வேறொரு பரம்பரை இதயத் துடிப்பு நோய்க்கான அடையாளம், சொந்தத்தில் கட்டிய வீடுகளில் இரண்டு நோய் தனித்தனியாக இருக்கவும் கூடும். சம்பந்தி வீட்டாருக்கு: மரபணு இரண்டு வீட்டிலிருந்தும்தான் வந்திருக்கிறது.

ஐந்து வயது மகளுக்குக் காய்ச்சலே இல்லாதபோது எடுத்த ஈசிஜியில் 'சைனஸ் அரித்மியா' என்று வந்திருக்கிறது. அரித்மியா என்றாலே ஆபத்துதானே?
– காட்பாடி

இல்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது மெதுவாகும். பிள்ளைகளின் ஈசிஜியில் இது நன்றாகவே தெரியும், இருப்பது நல்லது. அடுத்த கேள்வி.

வாணியம்பாடியில் பி.டி. மாஸ்டராக இருக்கிறேன். எட்டாம் வகுப்பில் ஒரு பையனுக்கு இந்த நோய் இருப்பதாக அவன் அம்மா சொன்னார். கபடி டீமில் நல்ல ரெய்டர். விளையாட விடலாமா?

விடுங்கள் சார், தாராளமாக. காய்ச்சல் நாட்களிலும், அது விட்டு அவன் பழையபடி நன்றாகச் சாப்பிட ஆரம்பிக்கும் வரையிலும் மட்டும் உட்கார வையுங்கள். இந்த நோயில் நெஞ்சுவலி வந்தால் அநேகமாக நுரையீரல் உறையின் அழற்சி, ஒரு பக்கமாகக் குத்தும், மூச்சு இழுத்தால் கூடும். இதய உறையில் அழற்சி வருவது அரிது, அப்படி வந்தால் மல்லாக்கப் படுத்தால் வலி கூடும், முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறையும். அந்த மாதிரி உட்கார்ந்திருக்கும் பிள்ளையை வாயுப் பிடிப்பு என்று சோடா கொடுத்து அனுப்பாமல் எக்கோ எடுக்கச் சொல்லுங்கள். இதயத் தசைவரை அழற்சி போயிருந்தால் விளையாட்டு மாதக்கணக்கில் நிற்கும், அந்த முடிவை டாக்டர் எடுப்பார். ஓடும்போதே மயங்கி விழுந்தால் வெயில், காலையில் சாப்பிடவில்லை என்ற காரணங்களை அப்புறம் பேசிக்கொள்ளலாம், மூச்சும் அசைவும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நெஞ்சை அழுத்த ஆரம்பித்துக்கொண்டே 108-க்குச் சொல்லுங்கள். இது அந்த ஒரு பையனுக்கு மட்டுமல்ல, உங்கள் கிரவுண்டில் உள்ள எல்லாப் பிள்ளைக்கும்தான்.

மகனுக்கு 24 மணி நேர ஹோல்டர் (நாள் முழுக்க ஈசிஜியைப் பதியும் சின்னக் கருவி) மாட்டச் சொல்லியிருக்கிறார்கள். சத்துவாச்சாரியில் மொட்டை மாடிக்குக் கீழே வீடு, இந்த மே மாத வியர்வையில் ஸ்டிக்கர் நிற்குமா? பள்ளி திறக்கிற வரை தள்ளிப்போடலாமா?

அவசரம் இல்லை என்று டாக்டர் சொன்னால் தள்ளிப்போடலாம், மயக்கம் வந்ததற்காக எழுதியிருந்தால் தள்ளக் கூடாது. மாட்டுகிற நாள் காலையில் நன்றாகக் குளிப்பாட்டி, எண்ணெய், பவுடர் எதுவும் போடாமல் கூட்டிப் போங்கள், மாட்டிய பிறகு குளிக்க முடியாது. முன்னால் பட்டன் வைத்த தளர்ந்த காட்டன் சட்டை போடுங்கள். ஸ்டிக்கர் ஓரம் கிளம்பினால் பிய்த்து மறுபடி ஒட்டாமல் மேலே மைக்ரோபோர் டேப் ஒட்டி அழுத்துங்கள், அதை மாட்டும் இடத்திலேயே ரெண்டு துண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய்யட்டும், மாடிப்படி ஏறட்டும், சண்டை போடட்டும், படபடப்பு வந்தால் கடிகாரம் பார்த்து நேரத்தை எழுதுங்கள், அந்த நேரம் எழுதாத ஹோல்டரில் பாதிப் பயன்தான். அப்புறம் வீட்டில் அண்ணன் இருந்தால் கொஞ்சம் கண் வையுங்கள். 'நானும் போட்டுக்கறேன்' என்று கழற்றி மாட்டிக்கொண்டால் வருகிற ரிப்போர்ட் அண்ணனுடையதாக இருக்கும்.